எஞ்சின் விளக்கு எரிகிறது: யாரிடம் காட்டுவது, எந்த சென்சாரை வாங்குவது?

கோலாலம்பூரில் ஒருவருடைய காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு நான்கு ஆலோசகர்கள் கிடைத்துவிடுவார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் என்பார் மாமா. எஞ்சின் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் என்பார் மைத்துனர்; போன வருடம் அவருடைய புரோட்டோன் சாகா காருக்கு அதைத்தான் மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் நிலையத்தைக் குறை சொல்வார். எது கெட்டது என்று தெரிவதற்கு முன்பே, எங்கே மலிவாகக் கிடைக்கும் என்ற பேச்சு பாதி தூரம் போயிருக்கும்.

சென்சார் விஷயத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. யார் சோதிப்பது என்பது ஒன்று, எந்தத் தரத்துப் பொருளை வாங்குவது என்பது மற்றொன்று. பலரும் இரண்டாவதை இரவு முழுக்கக் கைபேசியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முதலாவதை வேலைக்குப் போகிற வழியில் எதிர்ப்படும் பட்டறையில் முடித்துவிடுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்த ஒப்பீட்டில் சோதனைக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஸ்கேன் கருவி காட்டும் பிழைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். அந்தச் சுற்றில் சென்சார் இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் இரண்டு அல்லது மூன்று வயர்கள் இருக்கின்றன, நடுவில் ஒரு சாக்கெட் இருக்கிறது, மறுமுனையில் எஞ்சின் கணினி இருக்கிறது. கணினிக்குத் தெரிவது வயரில் வரும் மின்னழுத்தம் மட்டுமே. சென்சார் உள்ளே செத்துப்போனாலும், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் நிறுத்திய காரில் எலி ஏறி வயரைக் கடித்தாலும், திடீர் வெள்ளத்தில் ஓட்டி வந்ததால் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்தாலும் அது ஒரே குறியீட்டைத்தான் எழுதிவைக்கும். நம் ஊர் எலிகளின் சேவையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வயரிங் கடைக்காரர்களில் சிலருக்கு அவை நிரந்தர வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இதைவிட ஏமாற்றுகிற குறியீடு பி0171. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது சொல்கிறது. அந்தச் செய்தியைக் கணினிக்குக் கொண்டுவந்தது ஆக்சிஜன் சென்சார் என்பதால், உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மையான காரணம் விரிசல் விட்ட ரப்பர் குழாய் வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்றாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம், சோர்ந்துபோன பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். செய்தி சரியாகச் சொன்னவனுக்கு வேலை போகிறது. குற்றவாளி எஞ்சினுக்குள் சௌக்கியமாக இருக்கிறான். பி0420 குறியீட்டிலும் இதே கதை. அது புகைபோக்கியில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துவிட்டதைக் குறிக்கிறது. பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் பெரும்பாலும் அந்த விளக்கு ஒரு வாரம் அணைந்திருந்துவிட்டு மறுபடியும் வரும்.

அவசரம் எவ்வளவு என்பதை விளக்கே சொல்லிவிடும். நிலையாக எரிகிறது, கார் வழக்கம்போல ஓடுகிறது என்றால் நிதானமாக யோசிக்கச் சில நாட்கள் இருக்கின்றன. விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது, எஞ்சின் உதறுகிறது என்றால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வினையூக்கி மாற்றி வெந்துபோகும். அப்போது ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் காரை நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எதுவாக இருந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார் என்றால் முடிவு இன்னும் எளிது. பெரோடுவா, புரோட்டோன் இரண்டுமே இப்போது பெரும்பாலான புதிய கார்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் இருந்தால் நேராகச் சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். வெளியே ஒருவர் வயரை வெட்டி ஒட்டிய பிறகு அங்கே போனால் தேவையில்லாத வாக்குவாதம்தான் மிஞ்சும்.

யாரிடம் காட்டலாம்

உத்தரவாதம் முடிந்துபோன கார்களுக்குத்தான் இந்தக் கேள்வி கனமாகிறது. தலைநகரில் நம் முன்னால் இருப்பவை தயாரிப்பாளரின் சேவை மையம், தாமானுக்குள் இருக்கும் சாதாரணப் பட்டறை, வயரிங்கும் ஏர்கோனும் பார்க்கும் கடை, வீட்டுக்கே வரும் மெக்கானிக், நம் கையில் இருக்கும் சிறிய ஸ்கேன் கருவி.

சேவை மையத்தின் பலம், அந்த மாடலின் முழு வயரிங் வரைபடமும் அதற்கென்றே செய்த ஸ்கேன் கருவியும் அங்கே இருப்பது. கணினியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிய கோளாறு என்றால் வேறு எங்கு போனாலும் பெரும்பாலும் பயனில்லை. பலவீனம் விலை. முன்பதிவுக்குக் காத்திருக்கவும் வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு: பழுதான சிறு பகுதியைச் சரிசெய்வதைவிட முழுத் தொகுதியையும் மாற்றவே அங்கே விரும்புவார்கள். ஒரு சாக்கெட்டின் பின் தளர்ந்திருந்தால் வயர்க் கட்டையே மாற்றச் சொல்லி விலைப்பட்டியல் தருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒட்டுவேலைக்கு அவர்கள் உத்தரவாதம் கொடுக்க முடியாது. என் கணக்கில், பத்து வயதுக்கு உட்பட்ட காருக்கு, அதிலும் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின் கொண்ட காருக்கு, அங்கே சோதனைக்கு மட்டும் பணம் கட்டி எழுத்தில் அறிக்கை வாங்குவது நல்ல செலவு. வேலையை எங்கே செய்வது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

தாமான் பட்டறையைப் பற்றிப் பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது. செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் செகாம்புட்டிலும் ஒரே வரிசையில் இருக்கும் மூன்று பட்டறைகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். எண்ணெய் மாற்றுவதிலும் பிரேக் வேலையிலும் கைதேர்ந்தவர் மின்கோளாற்றில் தடுமாறலாம். பட்டறையை எடைபோட ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிறகு அவர் என்ன செய்கிறார்? குறியீட்டைப் பார்த்ததும் ஸ்பேர் பார்ட் கடைக்குத் தொலைபேசியில் பேசினால் அவர் ஊகிக்கிறார். மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தால் அவர் சோதிக்கிறார்.

காரைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: “அண்ணே, குறியீட்டை அழித்துவிடாதீர்கள். முதலில் எனக்கு எழுதிக் கொடுங்கள்.” பேச்சு மலாயில் நடக்கும் பட்டறை என்றால், “போஸ், ஜாங்ஙான் பாடாம் கோட் டூலு” என்றால் போதும். குறியீட்டோடு, கோளாறு நடந்த நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, கார் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்ற விவரங்களையும் கணினி பதிந்துவைத்திருக்கும். அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் போய்விடும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வயரிங் கடையைப் பலர் நினைப்பதே இல்லை. ஏர்கோன் குளிரவில்லை என்றால் மட்டுமே அங்கே போகிறார்கள். ஆனால் சென்சார் கோளாறு என்று பெயர் வாங்கிய பலவும் வயர், சாக்கெட், எர்த், ஃபியூஸ் கோளாறுகளே. மின்சுற்றைப் பின்தொடர்ந்து போய் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது அந்தக் கடைக்காரரின் அன்றாட வேலை. பழைய புரோட்டோன் வீராவாக இருந்தால் நான் வேறு எங்கும் போகமாட்டேன். அதன் மிட்சுபிஷி எஞ்சின் காலத்துக் கணினி, ஊசி மீட்டரையோ சோதனை விளக்கையோ மாட்டித் துடிப்புகளை எண்ணிக் குறியீட்டைப் படிக்க வைக்கும் வகை. இன்றைய இளம் மெக்கானிக்குகளுக்கு அது தொல்பொருள் ஆராய்ச்சி.

வீட்டுக்கு வரும் மெக்கானிக் கார் நகராத நேரத்தில் கைகொடுப்பார். இழுவை வண்டிச் செலவு மிச்சம். ஆனால் காரைத் தூக்கிக் கீழே பார்க்க வேண்டிய வேலையைச் சாலையோரத்தில் செய்ய முடியாது. கையில் இருக்கும் பொருளையே மாட்டிவிட்டுப் போகும் ஆசையும் அவருக்கு வரும்.

கடைசியாக, சொந்த ஸ்கேன் கருவி. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 துளை ஓபிடி சாக்கெட்டில் செருகிக் கைபேசியோடு இணைக்கும் சிறிய பெட்டி ஐம்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. பெட்டியின் மேல் இஎல்எம்327 என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சில்லை உருவாக்கிய கனடா நிறுவனமான எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2022இல் கடையை மூடிவிட்டது; சந்தையில் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். நகலாக இருந்தாலும் குறியீடு படிக்கவும் எண்களைப் பார்க்கவும் பல கார்களுக்குப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் பெட்டியை வாங்கிவிட்டு விழிக்க வேண்டாம். வைஃபை அல்லது புளூடூத் 4 வகை வேண்டும். பெரோடுவாவின் முதல் தலைமுறை மைவி போன்ற பழைய கார்களோடு சில மலிவுப் பெட்டிகள் பேச மறுக்கும். ஆகவே திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

நான் இதைச் சிபாரிசு செய்வது, காரை நாமே பழுதுபார்த்துவிடலாம் என்பதற்காக அல்ல. பட்டறைக்குள் நுழையும்போது கையில் சில எண்கள் இருந்தால் பேச்சின் தோரணையே மாறிவிடுகிறது. ஜாலான் பாசாரின் மின்பொருள் கடைகளில் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் வாங்கிவிட்டால் பின்வரும் சோதனைகளுக்குப் போதும்.

வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவை

எஞ்சின் வெப்பநிலை சென்சாரைச் சோதிக்க நம் தட்பவெப்பம் தோதானது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, குளிர்நீரின் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் கைபேசியில் பாருங்கள். கோலாலம்பூரின் விடியற்காலையில் இரண்டும் ஏறக்குறைய 25 முதல் 29 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்தில் இருக்க வேண்டும். குளிர்நீர் மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சோங்கில் பனி பெய்யவில்லை. இப்போது சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். எண் 120 டிகிரிக்கு மேல் தாவினால் வயரும் கணினியும் நலம், சென்சார்தான் போய்விட்டது. மைனஸ் 40 அசையாமல் நின்றால் புது சென்சார் வாங்கி ஒரு பயனும் இல்லை. வயரைத் தேட வேண்டும். இரண்டு வயர் கொண்ட வெப்பநிலை சென்சாருக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். மூன்று வயர் சென்சார்களில் கம்பியைச் செருகி விளையாடினால் கணினியே பலியாகலாம்.

கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தால், பெரும்பாலான ஜப்பானிய வகைகள் அறை வெப்பத்தில் சுமார் இரண்டு கிலோ ஓம் காட்டும். சூடேற ஏற மின்தடை குறைந்து 80 டிகிரியில் சில நூறு ஓம்களுக்கு வந்துவிடும். சுடுநீர்க் குவளை ஒன்று போதும்.

உட்குழாய் அழுத்த சென்சாரான மேப் சென்சாருக்கும் இப்படி ஓர் இலவசச் சோதனை உண்டு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். எஞ்சின் ஓடாதபோது கோலாலம்பூரிலும் ஜார்ஜ்டவுனிலும் அந்த எண்ணை ஒட்டியே அது காட்ட வேண்டும். கெந்திங் மலையின் 1,800 மீட்டர் உயரத்தில் எண் எண்பதுகளின் தொடக்கத்துக்கு இறங்குவது இயல்பு. அங்கே பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். எஞ்சின் ஓடத் தொடங்கி, சூடேறி, ஏர்கோன் அணைந்த நிலையில் 30 முதல் 40 வரை இறங்கவேண்டும். நின்ற நிலையில் எண் சரி, ஓடும்போது 50, 55 என்று நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றுக் கசிவையும் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

ஆக்சிஜன் சென்சாரில் வினையூக்கி மாற்றிக்கு முன்னால் இருப்பது, பழைய சிர்கோனியா வகையாக இருந்தால், சூடான எஞ்சினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் இருப்பது ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். முன்னால் இருப்பது சோம்பலாக ஆடினால் வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். புதிய கார்களில் உள்ள காற்று-எரிபொருள் விகித சென்சார் இப்படி ஆடாது; அதை இந்த அளவுகோலால் தண்டிக்கக் கூடாது. பி0135 வந்தால் அது சென்சாரின் உள்ளே இருக்கும் ஹீட்டரின் சுற்று. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஹீட்டர் வயர்கள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். சில ஓம்கள் முதல் பதினைந்து ஓம்கள் வரை வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் எரிந்துவிட்டது. இத்தனை குறியீடுகளில் சென்சாரை மாற்றியே ஆகவேண்டும் என்று தெளிவாகச் சொல்ல முடிகிற ஒன்று இதுதான்.

கலவைத் திருத்தத்தின் சதவிகிதத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் அந்தத் திருத்தம் பத்துச் சதவிகிதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. நின்ற இடத்தில் இருபதைத் தாண்டி, வேகமாக ஓட்டும்போது இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவு. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஏறினால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கான காற்றளவு சென்சார் என்று தேட வேண்டும்.

கிராங்க் சென்சார்தான் எல்லாவற்றிலும் கெட்டிக்கார நோயாளி. எஞ்சின் சூடானதும் திடீரென்று அணையும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஆரோக்கியமாக நிற்கும். குறியீடுகூடச் சில நேரம் பதியாது. குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரும் நல்ல எண்ணையே காட்டும். எஞ்சின் அணைந்த அந்த நேரத்திலேயே, ஸ்டார்ட் செய்ய முயலும்போது கைபேசியில் சுழல்வேகம் என்ன என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நிமிடத்துக்கு இருநூறு சுற்று போல ஏதாவது எண் வரவேண்டும். பூஜ்யமே நிற்கிறது என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். எண் வருகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் பக்கம் போக வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலிலோ பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் நடுவிலோ கார் அணைந்தால் இந்தச் சோதனையை யாரும் செய்துகொண்டிருக்க முடியாது என்பது உண்மை. அங்கே முதல் வேலை, ஆட்கள் பத்திரமாக வெளியேறித் தடுப்புக்கு அப்பால் நிற்பது. இழுவை வண்டிக்குக் காப்புறுதி நிறுவனத்தையோ நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவையோ அழையுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் விலை பேசாமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தப் பொருள்

சோதனை முடிந்து சென்சார்தான் என்று உறுதியானால் அடுத்து நான்கு தரங்கள் வரிசையில் நிற்கும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் அசல், அதே பொருளைத் தயாரிப்பவர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது, பெயர் தெரியாத மலிவு நகல், வெட்டிக் கொண்டுவரும் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பயன்படுத்திய ஜப்பான் பொருள்.

முதல் இரண்டுக்கும் இடையே பல நேரம் பெட்டியின் நிறம்தான் வித்தியாசம். மைவியின் சென்சார்கள் பலவற்றில் டென்சோ என்ற பெயரே பொறித்திருக்கும். ஆக்சிஜன் சென்சாரில் டென்சோ, போஷ், என்டிகே ஆகிய மூவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். போஷின் முதல் ஆக்சிஜன் சென்சார் 1976இல் வால்வோ காரில் வந்தது. என்டிகே, ஸ்பார்க் பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனத்தின் சென்சார் பிரிவு; தாய் நிறுவனம் 2023இல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவர்களுடைய பொருளை அவர்கள் பெட்டியிலேயே நம்பகமான ஸ்பேர் பார்ட் கடையில், சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பொருத்தம் பார்த்து வாங்குவதுதான் என் முதல் தேர்வு. இணையச் சந்தையில் இதே பெயர் பாதி விலைக்குக் கிடைத்தால் பெட்டி மட்டுமே அசல் போல இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த வரிசையை எல்லா சென்சாருக்கும் ஒரே மாதிரிப் பொருத்தக் கூடாது. கிராங்க் சென்சாருக்கும், வால்வுகளை இயக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சாருக்கும் மலிவு நகல் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் காந்தமும் இடைவெளியும் சற்று மாறினால்கூடச் சூட்டில் கோளாறு திரும்பி வரும். நடுச்சாலையில் நிற்கப்போவது நீங்கள். பயன்படுத்தியதும் வேண்டாம், அதன் சூட்டு வரலாறு யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் சென்சாரில் பயன்படுத்தியதை வாங்குவது பணத்தைப் புகையில் போடுவது. ஹீட்டர் உள்ளவற்றின் ஆயுள் சுமார் 160,000 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. எண்ணெய் எரிக்கும் எஞ்சினில் அதுவும் குறையும். நான்கு வயரை வெட்டி ஒட்டும் பொது வகையை வாங்கினால், வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைக்க (கிரிம்ப்) வேண்டும். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு ஊடாகவே உள்ளிழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். சாக்கெட்டோடு வருவதை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

வெப்பநிலை சென்சாரில் அசலே பெரிய விலை இல்லை, யோசிக்காமல் அசலை வாங்குங்கள். மேப் சென்சாருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் முழு திராட்டல் தொகுதிக்கும் ஹாஃப்கட் நல்ல வழி. புது நகலைவிடப் பழைய அசல் மேல் என்று நான் துணிந்து சொல்லும் இடம் இதுதான். முதல் தலைமுறை மைவி, டைஹாட்சு பூன், தொயோத்தா பாசோ ஆகியவற்றின் உறவுக்காரி. அந்தக் கார்களிலிருந்து கழற்றியவை கிள்ளான் பக்கத்துக் கடைகளில் தேடினால் கிடைக்கும். சாக்கெட்டின் வடிவத்தையும் பொருளின் மேல் அச்சிட்ட எண்ணையும் பழையதோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு வகையில் பின் வரிசை மாறியிருப்பதுண்டு. மேப் சென்சாரை மாட்டியதும் அதே இடத்தில் சாவியைத் திருப்பி சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காற்றளவு சென்சாருக்கு முதல் மருந்து அதற்கென்றே விற்கும் தெளிப்பான். பிரேக் கிளீனரைத் தெளித்துக் கெடுத்துவிடாதீர்கள். கைவிரலால் உள்கம்பியைத் துடைக்கவும் கூடாது. காய்ந்த பிறகும் எண் சரியாகவில்லை என்றால் மட்டும் வாங்கும் பேச்சு.

மாட்டுவதை நாமே செய்யலாமா? மேப் சென்சார், காற்று வெப்பநிலை சென்சார், காற்றளவு சென்சார் ஆகியவை ஒன்றிரண்டு திருகுகளோ 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளோ பிடித்து நிற்பவை, பயமில்லை. குளிர்நீர் சென்சாரை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே தொட வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்தில் வெட்டு உள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். இறுகிப்போன பழையதைத் திருகும்போது புகைபோக்கியின் மரையே பிய்ந்து வந்துவிடும் அபாயமும் உண்டு. அதைப் பட்டறைக்கு விட்டுவிடுவேன். எஞ்சினின் தட்டல் ஒலியைக் கேட்கும் நாக் சென்சார் சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் தவறாகக் கேட்கும், ஆகவே இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். கிராங்க் சென்சார் பல கார்களில் கீழிருந்து எட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஜாக் மட்டும் வைத்துக் காருக்கு அடியில் படுப்பது எந்த சென்சாரின் விலைக்கும் ஈடாகாது.

பட்டறையில் மாற்றினால் கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் புதியதா, பயன்படுத்தியதா, எந்தத் தயாரிப்பு, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். தகராறு முற்றினால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கிறது; மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் அங்கே போய்ப் பேச ஒன்றும் இருக்காது.

வேலை முடிந்த அன்று குறியீட்டை அழித்துவிட்டு ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். கணினி தன் சுயசோதனைகளை முடிக்க நெரிசலில் ஊர்வது, நெடுஞ்சாலையில் சீராக ஓடுவது, இரவு முழுக்க ஆறிக் கிடப்பது எல்லாம் தேவைப்படும். பிறகு ஸ்கேன் செய்து, விளக்கு எரியாவிட்டாலும் நிலுவையில் ஏதாவது குறியீடு நிற்கிறதா, கலவைத் திருத்தம் பத்துச் சதவிகிதத்துக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், கடையின் உத்தரவாதம் முடிவதற்குள் ரசீதையும் அந்த எண்களையும் எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குத் திரும்பிப் போங்கள்.